கோமளா டெய்லர்ஸும் மேட்ச் ரேட்டும்

ஆன்லைன் விளம்பரம் என்பது, ஆள் யாரென்று தெரியாமல் எத்தனை பேர் என்று மட்டும் தெரிந்துகொண்டு பிழைக்கிற தொழில். நந்தனத்தில், அண்ணா சாலையிலிருந்து உள்ளே திரும்பும் ஒரு தெருவில், மாடியில் இருக்கிற சின்னக் கம்பெனியில் அந்தப் பிழைப்பைத்தான் நான் நடத்திக்கொண்டிருக்கிறேன். கடைக்காரர்கள் வருவார்கள். "எல்லாருக்கும் தெரியணும்" என்பார்கள். யாருக்கெல்லாம் என்று கேட்டால் "எல்லாருக்கும்தான்" என்பார்கள். நாங்கள் திரையைப் பார்த்து ஒரு பெரிய எண்ணைச் சொல்வோம். அவர்கள் முகம் மலரும். அந்த எண்ணுக்குள் யார் யார் இருக்கிறார்கள் என்று அவர்களும் கேட்க மாட்டார்கள், நாங்களும் சொல்ல மாட்டோம். எங்களுக்கும் தெரியாது என்பதுதான் காரணம்.

இதே தொழிலிலோ, இதைப் போல நம்பரை நம்பிப் பிழைக்கிற வேறு எந்தத் தொழிலிலோ மாட்டிக்கொண்டிருக்கும் சக பாவிகளே, போன தீபாவளிக்கு முன்னால் கோமளா டெய்லர்ஸ் கடைக்காக நான் பட்ட பாட்டைக் கேளுங்கள். நீங்களும் இதே மாதிரி எங்காவது பட்டிருப்பீர்கள். ஆறுதலாக இருக்கும்.

கடலில் பாதி வட்டம்

கோமளா அக்கா நொச்சிக்குப்பத்தில் மீனவர் வீட்டில் பிறந்தவர். தெற்கு மாட வீதிக்குப் பின்னால் ஒரு பழைய கட்டடத்தில் ஜாக்கெட் தைக்கும் கடை வைத்து, மயிலாப்பூர்ப் பெண்களைத் தன் வாசலில் வரிசையில் நிற்க வைத்தவர். அந்தக் கட்டடத்தை இடிக்கப் போகிறோம், உடனே காலி செய்யுங்கள் என்று சொல்லிவிட்டார்கள். அலைந்து திரிந்து அடையாறு பஸ் டிப்போவுக்குப் பின்னால் ஒரு தெருவில், மாடியில் இடம் பிடித்தார். பழைய கடை வாசலில் "இடம் மாறிவிட்டோம்" என்று அவர் மாட்டிய பலகைக்கு முன்னால், மறுநாளே ஆளுயரத்துக்குத் தகரம் அடித்துவிட்டார்கள். எல்லோருக்கும் மொத்தமாக மெசேஜ் அனுப்பிப் பார்த்தார். கொத்துக் கொத்தாக அனுப்புகிறார் என்று அவருடைய நம்பரிலிருந்து மெசேஜே போகாதபடி முடக்கிவிட்டார்கள். ஜாக்கெட் கடைக்குத் தீபாவளிதான் வருஷம். அதற்குள் பழைய வாடிக்கையாளர்கள் புதுக் கடைக்கு வந்து சேராவிட்டால் கடையை மூடிவிட்டு, இன்னொருவர் கடையில் மெஷின் மிதிக்கப் போக வேண்டியதுதான். அவரை நம்பிக் கூடவே வந்த கட்டிங் மாஸ்டருக்கும் தையல்காரப் பெண்களுக்கும் அதே கதிதான்.

அவர் இதையெல்லாம் சொல்லி முடிப்பதற்குள் நான் வழக்கம்போல வரைபடத்தைத் திறந்து, புதுக் கடையை நடுவில் வைத்து ஒரு வட்டம் போட்டேன். பக்கத்தில் எண் வந்தது. இத்தனை லட்சத்திலிருந்து இத்தனை லட்சம் பேர் வரை சென்றடையலாம் என்று ஒரு மதிப்பீடு. பெருமையாகத் திரையைத் திருப்பிக் காட்டினேன். அக்கா எண்ணைப் பார்க்கவே இல்லை, வட்டத்தையே பார்த்தார். ஒரு பக்கம் ஆறு, ஒரு பக்கம் மரக்கூட்டம், கிழக்கே பெரிய துண்டாக நீலம். "இது இன்னாது?" என்று நீலத்தின் மேல் விரலை வைத்தார். கடல் என்றேன். எங்களிடம் வந்தவர்களில் ஒருவர்கூட அதுவரை அந்த நீலத்தைப் பற்றிக் கேட்டதில்லை. அக்கா விரலை எடுக்காமலே சொன்னார்: "இங்க கீறது எங்க நைனாவும் மீனுந்தான், சுதா. ரெண்டு பேருமே ஜாக்கெட் போட மாட்டாங்க. எனக்கு ஊரு வேணாம். எங்கிட்ட அளவு குடுத்தவங்க மட்டும் வந்தா போதும்."

பத்தில் ஒன்று

அளவு கொடுத்தவர்களை மட்டும் தேடிப் பிடிக்க எங்களிடம் வழி இருக்கிறது. கடையில் பில் போடும் கம்ப்யூட்டரில் பெயரும் போன் நம்பரும் இருக்கும். அதை அப்படியே விளம்பரத் தளத்தில் ஏற்றினால், அது ஒவ்வொரு நம்பரையும் யாரும் படிக்க முடியாதபடி உருமாற்றி, தன்னிடம் கணக்கு வைத்திருப்பவர்களின் நம்பர்களோடு ஒப்பிட்டுப் பார்க்கும். நூறு கொடுத்து அறுபது ஒத்துப்போனால் அறுபது சதவீதம். இதற்குத்தான் மேட்ச் ரேட் என்று பெயர். ஒத்துப்போனவர்களின் போனில் மட்டும் நம் விளம்பரம் வரும். எத்தனை பேர் ஒத்துப்போனார்கள் என்று சொல்லும். யார் யார் என்று கேட்டால் வாயைத் திறக்காது. கூட்டம் ரொம்பச் சின்னதாக இருந்தால் விளம்பரத்தையே ஓட்டாது.

எங்கள் கம்பெனியில் இந்த ஏற்றுகிற வேலை அன்வருடையது. திருவல்லிக்கேணிக்காரன், கை வேகம், வாய் அதைவிட வேகம். ஏற்றிவிட்டு நானும் அவனும் காத்திருந்தோம். எங்கள் முதலாளி பாஸ்கர் சார் பின்னால் வந்து நின்றுகொண்டார். அவர் பின்னால் நின்றால் எனக்கு எரிச்சல் வரும். அன்றைக்கு எரிச்சலோடு பயமும் வந்தது, ஏனென்றால் பத்துக்கு ஒன்றுகூடத் தேறவில்லை. விளம்பரம் ஓடாது என்று சிவப்பு எழுத்து. திறந்து பார்த்தால், பாதி நம்பர்களுக்கு முன்னால் நாட்டின் எண் இல்லை. நிறைய மயிலாப்பூர் வீடுகள் இன்னும் லேண்ட்லைன் நம்பரையே கொடுத்திருந்தன. பெயர் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் இனிஷியல் இருந்தது. நம் ஊரில் அப்பாவின் எழுத்துதானே முன்னால் நிற்கும்? தளம் அதையே பெயர் என்று எடுத்துக்கொண்டு 'எஸ்' என்ற ஆளை உலகமெல்லாம் தேடியிருக்கிறது. பாஸ்கர் சார் திரும்பித் தன் அறைக்குப் போனார். அன்வர்தான் சொன்னான்: "பொண்ணே இல்லாத வூட்டுக்குப் பொண்ணு பாக்கப் போன மாரி கீதுக்கா."

எல்லோருக்கும் ஒரே நம்பர்

நாட்டின் எண்ணைச் சேர்த்து, பெயர்களை முன்பின் மாற்றி, மறுபடி ஏற்றினோம். இந்தத் தடவை ஓடும் அளவுக்குத் தேறியது. அன்று மத்தியானமே கோமளா அக்கா போன் செய்தார். காலையிலிருந்து எதைத் திறந்தாலும் தன் கடை விளம்பரமே வருகிறது என்றார். அவர் பெயர் பட்டியலில் இல்லையே, எப்படி என்று தேடினேன். ராதா, கல்யாணி, மைதிலி, லலிதா என்று பக்கம் பக்கமாகப் பெயர்கள், எல்லாவற்றுக்கும் எதிரே அக்காவின் நம்பர்! கேட்டால், நம்பர் கொடுக்க மாட்டேன் என்று சொன்னவர்களுக்கெல்லாம் அவரே தன் நம்பரைத் தட்டிவிட்டிருக்கிறார். நம்பர் போடாமல் அந்தக் கம்ப்யூட்டர் பில் கொடுக்காதாம்.

"அப்படின்னா துணி ரெடியானதும் யாருக்குப் போன் பண்ணுவீங்க?" என்று கத்தினேன். எனக்குக் கோபம் வந்தால் குரல் தானாக ஏறிவிடும். அப்படிப் போன் பண்ணுகிற வழக்கமே கடையில் கிடையாது என்றார். வியாழக்கிழமை வாங்க என்பாராம். வியாழக்கிழமை வந்தால் சனிக்கிழமை வாங்க என்பாராம். போன் செய்தால் வாக்குக் கொடுத்த மாதிரி ஆகிவிடுமே! எந்தத் தையல்காரர் அந்தத் தப்பைச் செய்வார்? எனக்குச் சிரிப்பு வந்தது, ஆனால் சிரிக்க முடியவில்லை. நம்பரே கொடுக்காதவர்களை எந்தத் தளத்தாலும் தேட முடியாது. மிச்சம் இருப்பவர்களை வைத்துத்தான் இந்தக் கடை பிழைத்தாக வேண்டும். அக்காவின் நம்பரைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டேன் என்று சொன்னதும் அவர் பெருமூச்சு விட்டார்: "எடுத்துடு, எடுத்துடு. எனக்கு நானே தச்சிக்கினு கீறேன், எனக்கு எதுக்கு விளம்பரம்?"

பாஸ்கர் சார் வாங்கிய போண்டா

தப்பையெல்லாம் களைந்த பிறகு மேட்ச் ரேட் ஏறியது பாருங்கள், நாங்கள் அதுவரை எந்தக் கடைக்கும் பார்த்ததில்லை. ஒத்துப்போனவர்களில் அநேகமாக எல்லோர் கண்ணிலும் விளம்பரம் பட்டுவிட்டது, அதுவும் ஒரு தடவை இல்லை, திரும்பத் திரும்ப. எங்கள் பாஷையில் இதற்குப் பெயர் ரீச். பாஸ்கர் சார் ஆபீஸுக்கே போண்டா வாங்கிக் கொடுத்தார். சட்னி தனியாக, சாம்பார் தனியாக.

எனக்கு அந்தப் போண்டா இறங்கவில்லை. காரணம், தினமும் காலையில் கோமளா அக்கா போன் செய்வார். நேற்று இரண்டு பேர் மாடி ஏறி வந்தார்கள் என்பார். பழைய ஆட்களா என்று ஆவலாகக் கேட்பேன். ஒருவர் கூரியர்க்காரர், இன்னொருவர் பல் டாக்டர் இங்கேதானா என்று கேட்டுவிட்டு இறங்கிப் போனவர். தைக்கத் துணி இல்லாமல் மெஷின்கள் சும்மா நிற்கின்றன, மாஸ்டர் கத்திரிக்கோலைத் துடைத்துத் துடைத்து வைக்கிறார் என்று சொல்லும்போது அக்காவின் குரல் கீழே கீழே போகும். திரையில் எல்லா எண்களும் பச்சையாக இருந்தன. அடையாறில் கடைப் படி காலியாக இருந்தது. இரண்டும் எப்படி ஒரே நேரத்தில் உண்மையாக இருக்க முடியும் என்று பாஸ்கர் சாரிடம் போய்ச் சண்டை போட்டேன். அவர் வாயைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "ஆள் வரலேன்னா அது கடையோட பிரச்சினை, சுதா. ரீச் வந்தாச்சு, ரிப்போர்ட் அனுப்பிடு, நம்ம வேலை முடிஞ்சுது."

லிப்டில் ஒரு ரகசியம்

நான் குடியிருப்பது மயிலாப்பூரில் ஒரு அடுக்கு வீட்டில். எனக்குக் கீழ்த் தளத்தில் வெங்கடேசன் மாமாவும் ஜெயந்தி மாமியும் இருக்கிறார்கள். மாமா கல்லூரியில் கணக்குச் சொல்லிக் கொடுத்து ஓய்வு பெற்றவர், சபாவில் முதல் வரிசை, யார் வம்புக்கும் போகாத மனிதர். ஒருநாள் லிப்டில் நாங்கள் இருவர் மட்டும். கதவு மூடியதும் அவர் குரலைத் தாழ்த்தினார். "சுதா, நீ இந்தக் கம்ப்யூட்டர் விளம்பரத்துலதானே இருக்கே? ஒண்ணு கேக்கறேன், யார்கிட்டேயும் சொல்லிடாதே." போனை நீட்டினார். அதில் கோமளா டெய்லர்ஸ். நாங்கள் ஓடவிட்ட விளம்பரம்தான். விதவிதமான முதுகுக் கழுத்து டிசைன்கள், ஜன்னல் வைத்தது, முடிச்சு வைத்தது, மணி தொங்குவது.

"எத்தனை நாளா இதே வர்றது தெரியுமா? கச்சேரில பக்கத்துல உக்காந்துண்டிருந்தவர் எட்டிப் பார்த்துட்டு, அப்புறம் மங்களம் பாடற வரைக்கும் என் பக்கம் திரும்பவே இல்லை. மனுஷன் எதைத் தேடறானோ அதுதான் போன்ல வரும்னு என் பிள்ளை சொல்றான். சத்தியமா நான் தேடலைம்மா." எனக்கு அப்போதுதான் பொறி தட்டியது. மாமி எத்தனையோ வருஷமாகக் கோமளா அக்காவிடம்தான் தைக்கக் கொடுக்கிறார். கடையில் நம்பர் கேட்டபோது யாருடைய நம்பரைக் கொடுத்திருப்பார்? நான் என்ன செய்வேன்? சூப்பர் மார்க்கெட்டில் நம்பர் கேட்டால் என் வீட்டுக்காரர் நம்பரைத்தானே சொல்கிறேன்! கண்ட மெசேஜும் என் போனுக்கு எதற்கு என்று. மயிலாப்பூர் முழுக்க அதே கதை என்றால், எங்கள் அபாரமான மேட்ச் ரேட் முழுக்க ஆண்பிள்ளைகள்! மாமாவிடம் விஷயத்தைச் சொன்னேன். இது மாமி தைக்கிற கடை, அடையாறுக்குப் போய்விட்டது, இன்றைக்கே மாமியிடம் சொல்லிவிடுங்கள் என்றேன். கீழே கதவு திறந்தது. மாமா பத்து வயது குறைந்தவராக வெளியே போனார்: "அப்பாடா, என் பேர்ல தப்பில்லை! சொல்லிடறேன், கண்டிப்பா சொல்லிடறேன்."

மோர் வாங்கி வரும் ஆள்

ஆபீஸுக்கு ஓடிப் போய், பார்த்தவர்கள் ஆணா பெண்ணா என்று தளம் காட்டும் இடத்துக்குப் போனேன். பெரும்பாலும் ஆண்கள், அதிலும் நடுவயது தாண்டியவர்கள். போண்டா தின்ற நாளிலும் அது அங்கேதான் இருந்தது, யாரும் அவ்வளவு கீழே நகர்த்திப் பார்க்கவில்லை. அன்று கோமளா அக்காவும் ஆபீஸுக்கு வந்திருந்தார். தி.நகரில் ஒரு கடையிலிருந்து மாஸ்டரைக் கூப்பிட்டுவிட்டார்களாம். சனிக்கிழமை வரை பார்ப்பேன், துணி வராவிட்டால் போய்விடுவேன் என்று அவர் சொல்லிவிட்டாராம். மாஸ்டர் போனால் கடை போயிற்று. அக்கா அதை அழாமல் சொன்னார்.

நம்பர்களெல்லாம் கணவர்களுடையவை என்று நான் சொன்னதும் அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். "ஆம்பளைங்க காதுல போட்டது வூடு வரைக்கும் போவுமா, சுதா?" போக வைப்போம் என்று வீறாப்பாகச் சொன்னேன். விளம்பரத்தை மாற்றி, கணவர்களிடமே பேசி, வீட்டில் சொல்லச் சொல்வோம் என்றேன். சொல்லும்போதே எனக்கு நம்பிக்கை இல்லை. வீட்டில் சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் மறப்பது ஆண்களுக்குப் பிறவிக் குணம். அவர்கள் தரப்பில் யாராவது பேசுவார்கள் என்று அன்வரைப் பார்த்தேன். அவன் கையெடுத்துக் கும்பிட்டான்: "என்னியப் பாக்காதக்கா. பால் வாங்கினு வான்னு அனுப்பிச்சா மோர் வாங்கினு போறவன் நானு."

தகரத்துக்கு முன்னால்

மறுநாள் சாயங்காலம் மாட வீதியில் காய்கறி வாங்கிக்கொண்டு வருகிறேன். பழைய கடை இருந்த இடத்தில், தகரத்துக்கு முன்னால் ஜெயந்தி மாமி நிற்கிறார். கையில் துணிப்பை, அதில் தீபாவளிப் புடவையின் ஓரம் தெரிகிறது. என்னைப் பார்த்ததும் பொரிந்து தள்ளினார். "பாரு சுதா, இந்தக் கோமளா ஒரு வார்த்தை சொல்லிக்காம போயிட்டா. என் அளவு ஜாக்கெட் அவகிட்டன்னா இருக்கு! அது ஒண்ணுதான் எனக்கு நன்னா உக்காரும்."

"மாமா சொல்லலையா?" என்று கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக் கூடாது. கடை எங்கே போயிற்று என்று மாமி கேட்கவில்லை, மாமாவிடம் நான் எப்போது சொன்னேன் என்றுதான் கேட்டார். நேற்று என்றேன், விளம்பரம் அதற்கும் முன்னாலிருந்தே அவர் போனில் வந்துகொண்டிருந்தது என்றேன். என் கண் முன்னாலேயே கோமளா அக்கா மேல் இருந்த கோபம் ஒரு பொட்டுகூட மிச்சமில்லாமல் மாமா பக்கம் போய்ச் சேர்ந்தது. எனக்கு மாமாவை நினைத்துப் பாவமாக இருந்தது. கூடவே, நேற்றிலிருந்து தேடிய வாசகம் இதோ இருக்கிறது என்று மனது துள்ளியது. மாமி பையை இடுக்கிக்கொண்டு நடந்தார்: "கடை எங்க வேணாப் போகட்டும். அவருக்கு முன்னாடியே தெரியும், இல்லையா? ஆத்துக்கு வரட்டும்."

மிரட்டு, சுதா

டிசைன், கழுத்து, மணி எல்லாவற்றையும் தூக்கிப் போட்டேன். தகரம் அடித்த பழைய வாசலின் படம், அதன் மேல் பெரிய எழுத்து. முதலில் நான் எழுதியது: "உங்கள் மனைவியின் அளவு ஜாக்கெட் எங்களிடம் இருக்கிறது." அன்வர் படித்துவிட்டு, ஆளைக் கடத்தியவன் எழுதிய மாதிரி இருக்கிறது என்றான். தளமும் ஏற்க மறுத்துவிட்டது. படிப்பவரின் சொந்த விஷயம் தெரிந்த மாதிரி விளம்பரம் பேசக் கூடாதாம். அது வெள்ளிக்கிழமை. மாஸ்டர் வைத்த கெடு சனிக்கிழமை. மாற்றி எழுதி அனுப்பினால் அவர்கள் பார்த்து ஒப்புக்கொள்ள எவ்வளவு நேரம் ஆகும் என்று யாருக்கும் தெரியாது. என் நகத்தை நானே கடித்துத் தின்றுகொண்டு மறுபடி எழுதினேன்: "மயிலாப்பூர் கோமளா டெய்லர்ஸ் அடையாறுக்கு வந்துவிட்டது. இங்கே தைக்கக் கொடுப்பவர்கள் வீட்டில் யாராவது இருந்தால் இன்றே சொல்லிவிடுங்கள். தீபாவளிக்குப் பிறகு அவர்களுக்குத் தெரிந்தால், உங்களுக்கு முன்பே தெரியும் என்பதும் தெரிந்துவிடும்."

பாஸ்கர் சார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். வாடிக்கையாளரை மிரட்டுவதா, நம் கம்பெனி பெயர் என்ன ஆகும், முடியவே முடியாது என்றார். கடை யாருடையதோ அவரே சொல்லட்டும் என்று நான் ஸ்பீக்கரில் அக்காவைக் கூப்பிட்டு வாசகத்தைப் படித்துக் காட்டினேன். வேண்டாம் என்று சொல்லப் போகிறார், எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். பிறகு மெதுவாகக் குரல் வந்தது: "மிரட்டு, சுதா. இத்தினி நாளு கெஞ்சிப் பாத்தாச்சு."

ஆதாரம்

சனிக்கிழமை காலையில் விளம்பரம் ஒப்புதலாகி ஓட ஆரம்பித்துவிட்டது. நான் ஆபீஸுக்கு மட்டம் போட்டுவிட்டு அடையாறுக்குப் போய்விட்டேன். திரையில் எண்கள் ஓடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தால் பைத்தியம் பிடித்துவிடும். கடையில் மெஷின்கள் வரிசையாக உறை போட்டு நின்றன. தையல்காரப் பெண்கள் ஒருவர் தலையை ஒருவர் பின்னிக்கொண்டிருந்தார்கள். அக்கா படியைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். மத்தியானம் தூறல் போட்டது. யாரும் வரவில்லை. மாஸ்டர் எழுந்து அளவு டேப்பைச் சுருட்டினார், கத்திரிக்கோலைத் துணியில் சுற்றிப் பைக்குள் வைத்தார். வைத்துவிட்டு, போகாமல் அக்காவின் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். போங்கள் என்று அக்கா தலையை ஆட்டினார். எனக்கு எங்காவது ஓடிவிடலாம் போல இருந்தது.

அப்போது படியில் காலடிச் சத்தம். ஹெல்மெட்டைக் கழற்றாமலே ஒரு ஆள் ஏறி வந்தார். இதுவும் பல் டாக்டருக்குத்தான் என்று நினைத்தேன். அவர் போனை எடுத்துப் பார்த்தார், கடைப் பலகையைப் பார்த்தார், மறுபடி போனைப் பார்த்தார். "மயிலாப்பூர்ல இருந்த கடை இதானே?" இதுதான் என்று நாங்கள் எல்லோரும் சேர்ந்து கத்தியதில் ஒரு படி பின்வாங்கினார். துணி ஒன்றும் கொண்டுவரவில்லை. மனைவியும் கூட வரவில்லை. பிறகு எதற்கு வந்தார்? பலகைக்குக் கீழே போய் நின்றுகொண்டு தன் போனை என் கையில் கொடுத்தார்: "போர்டு முழுசா விழற மாதிரி ஒரு போட்டோ எடுங்க மேடம். நான் இன்னிக்கே சொல்லிட்டேன்றதுக்கு ஆதாரம் வேணும்."

யார் நம்பர்?

அந்தப் போட்டோ போய்ச் சேர்ந்த வீட்டிலிருந்து இருட்டுவதற்குள் ஒரு அம்மா பையோடு வந்துவிட்டார். அவருக்குப் பின்னால் இன்னும் சிலர், அவர்களுக்குப் பின்னால் குடையோடு கணவர்கள். மாஸ்டர் கத்திரிக்கோலைப் பையிலிருந்து எடுத்து மேஜை மேல் வைத்தார். கோமளா அக்கா உள்ளே போய், திரைக்குப் பின்னால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்தார். அடுத்த வாரமெல்லாம் படியில் வரிசை. "வியாழக்கிழமை வாங்க" என்று அவர் பழைய தெம்போடு சொல்வதைக் கேட்க எனக்கு அத்தனை சந்தோஷமாக இருந்தது. நல்ல மனிதர், ஒரு வியாழக்கிழமையிலும் துணி ரெடியாக இருக்காது.

ஜெயந்தி மாமி வந்த அன்று நானும் அங்கே இருந்தேன். மாமி முன்னால், மாமா பின்னால். எல்லாப் பையும் மாமாவின் கையில். அவர் என்னைப் பார்க்காமல் சுவரைப் பார்த்தார். அக்கா இப்போது பாடம் படித்தவராயிற்றே! பில் போடும்போது நிமிர்ந்து, "உங்க நம்பர் சொல்லுங்கம்மா. உங்க சொந்த நம்பரு" என்றார். "என் நம்பர் எனக்கெங்கே தெரியும்? நானே எனக்குப் போன் பண்ணிக்கறேனா? ஏன்னா, என் நம்பர் என்ன?" என்று மாமி மாமா பக்கம் திரும்பினார். மாமா பைகளைக் கீழே வைத்துவிட்டு அவசர அவசரமாகத் தன் போனில் தேடி, எண்ணைச் சொல்ல வாயெடுத்தார். அதற்குள் மாமிக்கு ஒரு யோசனை. "இரு கோமளா, என் நம்பரைக் குடுத்தா அந்த விளம்பரமெல்லாம் எனக்கா வரும்?" அக்கா என்னைப் பார்த்தார். ஆமாம் என்று நான் தலையாட்டினேன். மாமி ஒரு நிமிஷம் மாமாவைத் தலையிலிருந்து கால் வரை பார்த்துவிட்டு முடிவாகச் சொன்னார்: "அப்போ வேண்டாம், பழையபடி அவர் நம்பரே இருக்கட்டும். இப்போல்லாம் எது வந்தாலும் உடனே ஓடி வந்து சொல்லிடறார்."

ஆக, எத்தனை பேர் போனுக்குச் செய்தி போய்ச் சேர்ந்தது என்பதற்குத்தான் எங்களிடம் மேட்ச் ரேட் இருக்கிறது. போனிலிருந்து அது வீட்டுக்குப் போய்ச் சேருவது, அந்த வீட்டில் யாருக்கு யார் பயப்படுகிறார்கள் என்பதைப் பொறுத்தது.